கமீலாவின் காது

வான்கூவர் துறை,
1911 மே 9

அன்பு மருமகள் பார்பரிக்கு,

கமீலா என்னும் நீராவிக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்தபடி அதிகாரம் செலுத்துபவனும், இந்தக் கடலோரத்திலேயே பேர் போன ஒரு ஜோடிக் காதுகளுக்குச் சொந்தக்காரனும், உன் அம்மாவின் ஒரே தம்பியுமான கிடியன் டல்லக் இரண்டு கைகளாலும் ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். நீ சுகமா? உன் வயிற்றில் வாடகை கொடுக்காமல் குடியிருக்கும் ஆசாமி சுகமா?

பைபிள் மேல் கை வைத்து, தொப்பியைக் கழற்றி, பொய்ப்பல்லையும் கழற்றி வைத்துவிட்டுச் சத்தியம் செய்கிறேன்: இனி நான் எழுதப்போவதை உயிரோடிருக்கும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

உன் புருஷன் மக்னஸ் எங்கள் கப்பலில் மேல்தள வேலையாளாகச் சேர்ந்துவிட்டான். முதல் நாள் அவன் எடுத்த வாந்தியில் கடல்மட்டம் ஏறி, மூன்று மரவெட்டு முகாம்களின் மிதக்கும் வீடுகள் மலையுச்சியில் போய் உட்கார்ந்துகொண்டன. மறுநாள் ஒரு பசுவைக் கரையில் இறக்கச் சொன்னோம். இவன் பிடித்த பிடியில் பசு இவனை இறக்கிவிட்டுக் கப்பலுக்குத் திரும்பி வந்துவிட்டது. சம்பளம் யாருக்குக் கொடுப்பது என்று கேப்டன் ராண்டல் இன்னும் யோசிக்கிறார்.

மூன்றாம் நாள் பனிமூட்டம். சமையல்காரன் அதைக் கத்தியால் துண்டு போட்டு உப்புத் தடவிக் காயவைத்தான். பனியில் எப்படிப் போவோம் என்று உனக்குத் தெரியும். கப்பலின் நீராவிச் சங்கை ஒருமுறை ஊதுவோம். இரண்டு பக்க மலையும் திருப்பி ஊதும். சட்டென்று வந்தால் மலை பக்கத்தில், தாமதமாக வந்தால் தூரத்தில். கேப்டன் என்னைத்தான் பார்ப்பார்.

“என்ன டல்லக், மலை என்ன சொல்லுது?”

“இடது பக்கம் கிட்ட இருக்கு சார். கொஞ்சம் கோவமாவும் இருக்கு.”

பாறைமேல் கரடி தூங்குகிறதா, தூங்குகிற மாதிரி நடிக்கிறதா என்பதைக்கூட எதிரொலியை வைத்தே சொல்லிவிடும் காது இது. நீ கவலைப்படாதே. மரம் விழுந்து இரண்டு பேர் போன அந்த முகாமில் அவன் இருக்க வேண்டாம், என் பக்கத்தில் பத்திரமாக இருக்கட்டும் என்று எழுதினாய். இருப்பான். பிள்ளை பிறப்பதற்குள் அனுப்பிவிடுங்கள் என்றாய். அனுப்புவேன்.

குடியிருப்பவரை விசாரித்ததாகச் சொல்லவும்.

மாமா கிடியன்



ஹெரன் குடா, மிதக்கும் முகாம்,
1911 ஜூன் 2

அன்புள்ள மாமாவுக்கு, பார்பரி வணக்கத்துடன் எழுதுவது.

நான் நலம். காலையில் மட்டும் பன்றிக்கொழுப்பு வாசனை ஆகவில்லை. முப்பது பேருக்கு அதைத்தான் பொரிக்க வேண்டியிருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முகாமின் போர்மன் ஸ்ட்ராகன் உங்கள் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “உங்க மாமா பொய் சொல்றதுக்குக் கப்பல்ல தனியா சம்பளம் தர்றாங்களாம்மா?” என்று கேட்டார். சொந்தச் செலவில்தான் செய்கிறார் என்றேன்.

ஒரு நல்ல செய்தி. தண்ணீரில் கட்டைகளைப் பிரித்துக் கட்டும் வேலையை மக்னஸுக்குத் தருவதாக ஸ்ட்ராகன் சொல்லியிருக்கிறார். அதில் மரம் தலையில் விழாது, கால்தான் நனையும். அக்டோபர் வரை வேறு ஆளைப் போடாமல் வைத்திருப்பாராம். பிள்ளை டிசம்பரில். அதனால் பனிக்காலம் தொடங்கும் முன் மக்னஸ் இங்கே இருந்தால் போதும். நீங்கள் கேப்டனிடம் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்.

துறைப்பக்கம் போகும்போது எனக்கு மெல்லிய ஃப்ளானல் துணியும் டப்பாப்பாலும் வாங்கி எங்கள் தபால் கப்பலில் போட்டுவிடுங்கள். துணி மட்டும். போன வருஷம்போலத் தொப்பி வேண்டாம்.

குடியிருப்பவர் இன்னும் உதைக்கத் தொடங்கவில்லை.

பார்பரி



வான்கூவர் துறை,
1911 ஜூலை 18

அன்பு மருமகளுக்கு ஆசீர்வாதம். நான் சுகம். முழங்கால் தன் கடமையைச் செய்கிறது.

ஃப்ளானல் வந்து சேர்ந்திருக்கும். கடைக்காரன் ஒரு கஜம் வெட்டப் போனான். “எங்க வீட்டுப் பிள்ளை பிறக்கும்போதே ஆறடி இருக்கும்யா” என்று அதட்டினேன். பயந்துபோய் முழுச் சுருளையும் கொடுத்துவிட்டான். கூடவே ஒரு தொப்பி இருந்தால் அது தானாக வந்து ஏறியது, எனக்குச் சம்பந்தமில்லை.

இந்த மாதம் நடந்ததை நம்புவதற்கு உன் வயிற்றிலிருப்பவரால்தான் முடியும். அவருக்கே வாசித்துக் காட்டு. எங்கள் கமீலாவுக்குக் கரையில் ஏறி நெல்லிக்காய் அளவு நீலப்பழம் தின்ன வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பன்னிரண்டாம் தேதி, நல்ல பனியில், யாரையும் கேட்காமல் ஆற்றுமுகத்துச் சேற்றில் ஏறிப் புதருக்குள் மூக்கை விட்டுவிட்டாள். வாயெல்லாம் நீலம். கொதிகலன் ஏப்பம் விட்டதில் இரண்டு மைல் தூரத்துக்குப் பழவாசனை. அடுத்த கடல் ஓதம் ஏறும்வரை அசைய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒருவருக்கும் அடி இல்லை. பியானோ ஒன்று மட்டும் ஒரு பாதிரியார்மேல் சாய்ந்து, அவர் எந்த ஸ்வரத்தில் கத்தினார் என்பதைச் சரியாகச் சொன்னது.

மக்னஸ் விரல் நசுங்கி அன்று கீழே படுத்திருந்தான். பயப்படாதே, நகம் மட்டும்தான். மறுநாளே என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

அக்டோபர் விஷயம் ஞாபகம் இருக்கிறது.

மாமா கிடியன்



கமீலா கப்பல்,
1911 ஆகஸ்ட் 20

மாமா,

ஒரே கப்பலில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதீர்கள். இதை உங்கள் காதில் விழும்படி சொன்னால் கப்பல் முழுக்கக் கேட்கும். அதனால் அறைக் கதவுக்கடியில் தள்ளிவிடுகிறேன். உடம்பு சுகமா என்று நேரில் கேட்டால் நீங்கள் “ஆமா, மழை வரும்” என்கிறீர்கள்.

ஏறிய முதல் வாரமே உங்கள் இடது காது போயிற்று என்று எனக்குத் தெரியும். ஆற்றுமுகத்தில் கப்பல் சேற்றில் ஏறியபோது வலதும் போய்விட்டது என்று புரிந்தது. அன்று நான் கீழே இருந்தேன். எதிரொலி வந்தமாதிரி நீங்கள் தலையாட்டியிருக்கிறீர்கள். தாழ்ந்த கரை, அங்கே யாருக்குமே எதிரொலி சரியாக வராது என்று கேப்டன் உங்களை மன்னித்துவிட்டார். அடுத்த தடவை பாறையாக இருந்தால்?

அன்றிலிருந்து உங்கள் பக்கத்தில் நிற்கிறேன். எதிரொலி வந்ததும் முழங்கையைத் தொடுகிறேன், நீங்கள் கை தூக்குகிறீர்கள். கேப்டன் உங்களைப் பாராட்டுகிறார். எனக்கு அதில் வருத்தம் இல்லை. ஆனால் எனக்கு அக்டோபரில் வீட்டுக்குப் போக வேண்டும். நான் போகவேண்டுமென்றால் நீங்கள் கேப்டனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் உங்களைக் கரையில் இறக்கிவிடுவார். கரையில் உங்களுக்கு உட்கார ஒரு நாற்காலிகூடக் கிடையாது என்று எனக்குத் தெரியும்.

பார்பரியிடம்கூடச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யவைத்தீர்கள். காப்பாற்றுகிறேன். அதற்கு ஒரு முடிவு தேதி சொல்லுங்கள்.

மக்னஸ்



ஹெரன் குடா,
1911 அக்டோபர் 3

மாமாவுக்கு வணக்கம். நான் நலம். கால் கொஞ்சம் வீங்குகிறது. நீங்கள் நலம்தானே?

மக்னஸிடமிருந்து நாலு வரி வந்தது. இப்போது வரமுடியாது, காரணம் கேட்காதே, கோபப்படாதே. இதுதான் கடிதம். கோபப்படாமல் இருப்பதற்கு நான் என்ன மரக்கட்டையா?

மாமா, சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். துறையில் யாராவது இருக்கிறாளா? இங்கே சமையலறையில் ஆண்கள் சாப்பிட்டுக்கொண்டே பேசுவது எனக்குக் கேட்காது என்று நினைக்கிறார்கள். “ஸ்டீமர்ல போனவன் எவன்யா ஒழுங்கா வீட்டுக்கு வந்தான்?” என்று ஒருத்தன். “புது ஷூ வாங்கியிருப்பான், புதுசா ஆளும் வாங்கியிருப்பான்” என்று இன்னொருத்தன். அவனுக்குக் கருகின அடையாகப் பார்த்துப் போட்டேன்.

ஸ்ட்ராகன் மாதக் கடைசிவரைதான் பொறுப்பார். மக்னஸைக் கப்பலில் கூட்டிப்போங்கள் என்று உங்களைக் கெஞ்சியவள் நான்தான். திருப்பிக் கொடுங்கள் என்று கேட்பதும் நான்தான்.

பார்பரி



வான்கூவர் துறை,
1911 அக்டோபர் 16

மருமகளே,

ஆசீர்வாதம். நான் சுகம். காலைத் தூக்கி வைத்துப் படு.

கேட்டுவிட்டாய், மறைப்பானேன்? இருக்கிறாள். உன் புருஷனை விடாமல் பிடித்து வைத்திருக்கும் காதலி ஒருத்தி இருக்கிறாள். வயது அறுபத்து மூன்று. வழுக்கைத் தலை. மீசை உண்டு. பல் முழுக்கப் பொய். புகையிலை நாற்றம் எட்டு மைலுக்கு. பனி இறங்கிவிட்டால் அவன் அவள் பக்கத்தைவிட்டு அங்குலம் நகர்வதில்லை. கப்பல் முழுக்கப் பார்க்கிறது, ஒருவருக்கும் பொறாமை இல்லை. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் நீ தோற்றுவிடுவாயா?

மற்றபடி அவன் குணத்தில் ஒரு கீறல்கூட இல்லை. புது ஷூ வாங்கவில்லை. பழையதிலேயே கஞ்சி வடிக்கலாம், அவ்வளவு ஓட்டை. இதை மட்டும் கதையென்று எடுத்துக்கொள்ளாதே.

ஸ்ட்ராகனை இன்னும் கொஞ்சம் பொறுக்கச் சொல். இது பனி அதிகமான வருஷம். திமிங்கிலங்கள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு போகின்றன.

மாமா கிடியன்



ஹெரன் குடா,
1911 நவம்பர் 7

மாமா,

சிரிக்கவில்லை.

மிஷன் டாக்டரின் படகு நேற்று வந்தது. கால் வீக்கமும் தலைவலியும் நல்லதில்லை, பிள்ளை டிசம்பர்வரை காத்திருக்காது என்கிறார். ஊருக்குக் கூட்டிப்போகலாம் என்றால் இந்த நிலையில் படகு ஆகாதாம். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்று போய்விட்டார். இங்கே முப்பது ஆண்கள், ஒரு பெண்கூட இல்லை. ஸ்ட்ராகன் கட்டை வேலைக்கு வேறு ஆள் போட்டுவிட்டார். அது போகட்டும். வேலை வேண்டாம், ஆள் வந்தால் போதும்.

அவரை உடனே அனுப்புங்கள். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள்.

நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்பரி



வான்கூவர் துறை,
1911 நவம்பர் 12

அன்பு மருமகளுக்கு,

நலம். உன் நலமே வேண்டும்.

கடிதத்தைக் காட்டினேன். இந்த ஒரு நடை போய்த் திரும்பியதும் அவன் உங்கள் தபால் கப்பலில் ஏறுகிறான். கப்பல் நிறைய ஆட்கள், குளிர்காலச் சரக்கு வேறு. ஒரே ஒரு நடை.

குடியிருப்பவரிடம் சொல், அவசரம் வேண்டாம், தாத்தா ஒருவர் இன்னும் சில கதைகளைத் தயார் செய்யவில்லை. இந்தத் தடவை ஒன்றும் தோன்றவில்லை.

டப்பாப்பால் ஆறு அனுப்பியிருக்கிறேன்.

கிடியன்



ஹெரன் குடா,
1911 நவம்பர் 27

மாமாவுக்கு,

எழுந்து உட்காருகிறேன். கஞ்சி குடிக்கிறேன்.

பதினாலாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிறந்தான். பையன். விடிகிற நேரம் வந்தான், விளக்கேற்றும் நேரம் போய்விட்டான். அன்று முழுக்கப் பனி. டாக்டர் படகு வரவில்லை. ஸ்ட்ராகன்தான் வெந்நீர் போட்டார், அவர்தான் பைபிள் வாசித்தார், அவர்தான் பேர் என்ன என்று கேட்டார். உங்கள்மேல் கோபமாக இருந்தேன். ஆனாலும் வாயில் கிடியன் என்றுதான் வந்தது.

பால் குடிக்கவில்லை. அவனுக்குக் கொடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லாததால் உங்கள் கடிதங்களை எடுத்து வாசித்தேன். கப்பல் பழம் தின்னப்போன இடத்தில் கண்ணைத் திறந்து பார்த்தான். “புள்ள சிரிக்குதும்மா” என்றார் ஸ்ட்ராகன். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. அன்றைக்குச் சொன்னார்.

வெட்டின மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே ஒரு மேட்டில் வைத்திருக்கிறோம். நாங்கள் தெப்பத்தில் மிதக்கிறவர்கள், எங்களுக்கென்று ஒரு பிடி மண் கிடையாது. அவனுக்குத்தான் முதலில் கிடைத்தது.

மக்னஸ் ஏன் வரவில்லை என்று இனிமேல் கேட்கமாட்டேன். உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அவனுக்கு ஒரு கதை எழுதுங்கள். ஒருத்தரும் நம்பாத மாதிரி எழுதுங்கள். மேட்டுக்குப் போய் வாசிக்கிறேன்.

பார்பரி



வான்கூவர் துறை,
1911 டிசம்பர் 6

என் மருமகள் பார்பரிக்கு,

இதை மக்னஸ் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். நான் எப்படி இருக்கிறேன் என்று அவன் சொல்வான்.

முதலில் கதை அல்லாதது. எனக்குக் காது கேட்காது. வசந்தத்தில் ஒன்று போயிற்று, கோடையில் மற்றது. இத்தனை வருஷம் அந்தச் சங்குக்கு நேர் கீழே நின்றேன், அது தின்றுவிட்டது. பனியில் எதிரொலி வரும்போது மக்னஸ் என் முழங்கையைத் தொடுவான், நான் கேட்டவன்போலக் கையைத் தூக்குவேன். அந்த மீசைக்காரக் காதலி நான்தான்.

உன் கடிதத்தைக் காட்டியதும் அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். துறையில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகுட்டிகளோடு ஆட்கள் கப்பலில் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவன் அவர்களைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேப்டன் அறை பத்தடி தூரம். நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். தொப்பியில் ஒட்டியிருந்த ஏதோ தூசியைத் தட்டிக்கொண்டு நின்றேன். அவன் பையை இறக்கி வைத்தான். ஏதாவது பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது.

ஒரு நடை என்றேன், பனி அதை மூன்று வாரமாக்கியது. திரும்பி வந்து, பிள்ளை போன செய்தியை உன் கடிதத்தில் படித்த அன்றே கேப்டனிடம் சொல்லிவிட்டேன். வெகுநேரம் வாயை அசைத்தார். கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். இப்போது துறைக் கொட்டகையில் கிழிந்த சாக்குகளைத் தைக்கிறேன். மன்னிப்புக் கேட்கும் தைரியம் இல்லாததால் நீ கேட்டதை எழுதுகிறேன். இது அவனுக்கு.

சின்ன கிடியன் அவர்களே, கேளுங்கள். நீங்கள் வந்து போன அந்தச் செவ்வாய்க்கிழமை விழுந்த பனி சாதாரணப் பனி அல்ல. கடற்காக்கைகள் பறக்கப் பயந்து நடந்து போயின. மீன்கள் ஒன்றையொன்று பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டன. எங்கள் கமீலா இரண்டு மலைகளுக்கு நடுவே, இடுக்கில், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கு ஊதினோம். “என்ன டல்லக், மலை என்ன சொல்லுது?” என்று கேப்டன் கேட்டார். கிழவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது ஹெரன் குடாவிலிருந்து நீங்கள் தண்ணீர்மேல் நடந்து வந்தீர்கள். ஆறடி உயரம். கைப்பிடியைத் தாண்டிக் குதித்து, “தள்ளு தாத்தா, வயசான காலத்துல உனக்கெதுக்கு இந்த வேலை?” என்றீர்கள். என் தோளில் ஏறி உட்கார்ந்தீர்கள். கனமே இல்லை. என் காதில் வாயை வைத்து “இப்போ” என்றீர்கள். நான் கையைத் தூக்கினேன். சுக்கான் திரும்பியது. இடது பக்கத்து மலை பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டது. வலது பக்கத்து மலை தொப்பியைக் கழற்றியது. இருநூறு திமிங்கிலங்கள் வரிசையில் நின்று வணக்கம் வைத்தன. கேப்டன் அழுதுகொண்டே உங்களைக் கேப்டனாக்கினார். நீங்கள் ஒரு தட்டு மொச்சையும் மூன்று ரொட்டியும் தின்று, சமையல்காரனைத் திட்டி, அப்பாவின் மீசையைப் பிடித்து இழுத்துவிட்டு, விளக்கேற்றும் நேரம் ஆகிவிட்டது, அம்மா தேடுவாள் என்று சொல்லிக் கிளம்பிவிட்டீர்கள்.

மருமகளே, இவ்வளவும் பொய். மலை ஒதுங்கவில்லை. திமிங்கிலம் ஒன்றுகூட வரவில்லை. ஒரே ஒரு சின்னச் சங்கதி மட்டும் நடந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த இடுக்கில், மக்னஸின் விரல் என் முழங்கையில் படுவதற்கு முன்பே என் கை மேலே போய்விட்டது. சரியான நேரத்தில். எப்படி என்று எனக்குத் தெரியாது. உன் பக்கத்தில்தான் நிற்கிறான், கேட்டுப் பார்.

கிடியன்